மூக்கு இருப்பது தரையிலா?

நடுவர் அவர்களே, எங்கள் சனசமூக நிலைய ஆண்டு விழாவுக்கு வந்து, இந்த வெக்கையிலும் கதிரையை விட்டு எழும்பாமல் இருக்கிற சபையோரே, எல்லாருக்கும் வணக்கம். வீட்டுச் சுத்தத்தில் முந்தி நிற்பது தரை கழுவுவதா, தூசி தட்டுவதா என்பது தலைப்பு. நான் தூசிப் பக்கம். எதிரணித் தலைவர் அண்ணா வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டார், நாவலரைக் கூப்பிட்டார். எனக்கு அவ்வளவு பெரிய ஆட்கள் வேண்டாம், எங்கள் வீட்டு ஃபான் ஒன்றே போதும்.

போன நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்தது. ஒரு கிழமையாகத் தரையைக் கழுவினோம், முகம் பார்க்கலாம், அப்படி. முதல் நாள் இரவு பிள்ளை படுத்த அறையில் ஃபானைப் போட்டதுதான் தாமதம், வெள்ளை விரிப்பில் கறுப்புக் கறுப்பாகப் பழைய கம்பளியைப் பிய்த்துப் போட்ட மாதிரி விழுந்தது. பிள்ளை விடிய விடியத் தும்மினது. காலையில் கொண்டுபோய்க் காட்டினால், வைத்தியர் மருந்து எழுத முதல் கேட்டது தரையைப் பற்றி இல்லை. "ஃபான் தகடு துடைத்து எவ்வளவு காலம்?" என்றுதான் கேட்டார். நான் இவரைப் பார்த்தேன், இவர் கூரையைப் பார்த்தார்.

எதிரணி மாமி சொன்னார், கால் படுகிற இடம் தரை, ஆனபடியால் தரைதான் முதல் என்று. சரி மாமி, கால் தரையில்தான், மூக்கு எங்கே இருக்கிறது?

நாங்கள் இருப்பது உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி என்று செம்பாட்டு மண் கிடக்கிற பக்கம். வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் புரட்டாசி மட்டும் தோட்டத்து மண் பாதி எங்கள் யன்னலால் உள்ளே வந்து குடியிருக்கும். அலுமாரி மேல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், விரல் நுனி செங்கல் நிறமாக வரும். அது மண்தானே, பாவம் என்று விடலாம் என்றால், அதோடு எங்கள் உடம்பிலிருந்து உதிர்கிற தோல், உடுப்பு நூல், குசினிக் கரி, சாமி அறைச் சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்துதான் வீட்டுத் தூசி. மெத்தையிலும் தலையணையிலும் அந்தத் தோலைத் தின்று சீவிக்கிற உண்ணி ஒன்று இருக்கிறது, நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர், கண்ணாடி போட்டாலும் தெரியாது. அது கடிக்காது, ஆனால் அதன் எச்சம் மூச்சோடு உள்ளே போனால் தொய்வு, அதுதான் ஆஸ்துமா, உள்ள பிள்ளைக்கு இழுக்கத் தொடங்கிவிடும். தரையை எவ்வளவுதான் கழுவினாலும் இந்த உண்ணிக்குத் தலையிடி கூட வராது, ஏனென்றால் அது தரையில் இல்லை. விரிப்பை 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் தோய்த்தால் சாகும். சுடுநீருக்கு வழியில்லாத வீட்டில் கிழமைக்கொருக்கால் தோய்த்து, நல்ல வெயிலில் மொறுமொறு என்று காயவிடுங்கள், ஈரம் இல்லாவிட்டால் அதற்குச் சீவியம் கஷ்டம்.

'தட்டினால் பறக்கும், பறந்தது திரும்ப வந்து இருக்கும், வீண் வேலை' என்று கடைசியாகப் பேசிய தம்பி சொன்னார். அதில் பாதி உண்மை. காய்ந்த துணியால் படார் படார் என்று அடித்தால் அப்படித்தான், மெல்லிய தூசி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், நீங்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து ரீவி மேல் வந்து இறங்கும். அது தூசி தட்டுவது இல்லை தம்பி, தூசியை இடம்மாற்றுவது. துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் ஒட்டறை, பிறகு ஃபான், அலுமாரி மேல், யன்னல் கம்பி, கடைசியில்தான் தும்புத்தடி. ஃபானுக்கு ஒரு வழி சொல்கிறேன், இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பழைய தலையணை உறையைத் தகட்டில் முழுசாக மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து இழுங்கள், அழுக்கு முழுக்க உறைக்குள் விழும், கட்டிலில் ஒரு துளி விழாது. (ஃபானை நிற்பாட்டி, சுவிட்சையும் நிற்பாட்டிவிட்டு ஏறுங்கள். ஏறுகிற ஆள் ஐயாவாக இருந்தால் கதிரையை யாராவது பிடிக்க வேண்டும்.)

தரையைக் கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முதலில் தரையைக் கழுவிவிட்டுப் பிறகு அலுமாரியைத் துடைத்தால், அடுத்து என்ன நடக்கும் என்று இந்தச் சபையில் இருக்கிற எந்தப் பெண்ணிடமும் கேளுங்கள். இரண்டாம் முறையும் கழுவ வேண்டும், அதையும் அவள்தான் கழுவ வேண்டும். ஆம்பிளைகள் இரண்டு பேர் எதிரணியில் இருந்து தரைக்கு இவ்வளவு வாதாடுவது எப்படி என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

நடுவர் ஐயா, வந்த நேரம் முதல் நீங்கள் வியர்த்து வழிகிறீர்கள், ஃபானைப் போடச் சொல்லி மூன்று தரம் சைகை காட்டினீர்கள். போட வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னது நான்தான். தீர்ப்புச் சொல்ல முதல் ஒருக்கால் நிமிர்ந்து உங்கள் தலைக்கு மேல் பாருங்கள், பார்த்தபிறகும் வேண்டுமென்றால் சுவிட்ச் அந்தத் தூணில் இருக்கிறது.