பாடகர் தனியே போகும்போது டிரம்ஸ் யார்?

நேயர்களுக்கு வணக்கம். இருபது, முப்பது வருடம் ஒன்றாக வாசித்த ஒரு ராக் இசைக்குழு. அதன் பாடகர் தனியாக ஒரு ஆல்பம் வெளியிடுகிறார் என்று செய்தி வருகிறது. உடனே எல்லோரும் கேட்பது, "அப்படியானால் குழு உடையப்போகிறதா?" நான் கேட்பது வேறு. "டிரம்ஸ் யார்?" வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்கள்.

இன்றைக்கு மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று தாளம், அடுத்தது ஒப்பந்தம், அப்புறம் வயதாகும் குரல். தாளத்தில் தொடங்குகிறேன். எங்கே நிறுத்துவேன் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் சின்னக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தவன். எங்கள் பாடகர் ஒருநாள் தனியாகப் போனார். போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. போன பிறகு எங்கள் பாட்டு ஒன்றையே, தானாகத் தாளம் போடும் மின்கருவியான ரிதம் பாக்ஸை வைத்துப் பாடி கேசட் போட்டாரே, அதுதான் உறுத்தியது. ஆகவே நான் பேசுவதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்.

சுருதி மாதா, லயம் பிதா என்று நம் இசையில் சொல்வார்கள். பாடகர் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மாவைக் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். குரல் அவர் தொண்டையில்தானே இருக்கிறது. அப்பாதான் பழைய வீட்டிலேயே தங்கிவிடுகிறார். ஒரு டிரம்மரோடு இருபது வருடம் பாடியவருக்கு எங்கே மூச்சு எடுப்பது, ஒரு சொல்லை எவ்வளவு இழுப்பது என்பதெல்லாம் அந்த அடியைக் கேட்டுக் கேட்டுப் பழகியது. அது தன்னுடைய பாணி என்றே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் 1962இல் தொடங்கியது. பாடகர் மிக் ஜாகர் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டது 1985இல். அதற்குக் கொஞ்சம் முன்னால், 1984 கடைசியில், ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஓட்டல் அறையில் நடந்ததாகக் குழுவின் கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் 2010இல் வந்த தன்வரலாற்றில் ஒரு கதை சொல்கிறார். அவர் சொல்லும் கதை, சுவைக்காகக் கொஞ்சம் உப்பு சேர்த்திருக்கலாம். ஜாகரும் ரிச்சர்ட்ஸும் ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு விடியற்காலை அறைக்கு வருகிறார்கள். ஜாகர் போனை எடுத்து டிரம்மர் சார்லி வாட்ஸின் அறைக்கு அடிக்கிறார். "என் டிரம்மர் எங்கே?" என்கிற தோரணையில் ஏதோ கேட்கிறார். அந்தப் பக்கம் பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் சார்லி நிற்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு முகம் மழித்து, தைத்த சூட், டை, வாசனைத் திரவியம் எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறார்! நேராக ஜாகரிடம் போய், இனி என்னை உன் டிரம்மர் என்று சொல்லாதே என்று சொல்லி ஒரு குத்து. ஜாகர் மீன் வைத்திருந்த தட்டின் மேல் விழுந்து, அந்தத் தட்டோடு திறந்திருந்த ஜன்னலை நோக்கிச் சறுக்குகிறார். ஜன்னலுக்குக் கீழே கால்வாய். ரிச்சர்ட்ஸ் எட்டிப் பிடித்து இழுத்தாராம். நண்பனைக் காப்பாற்ற என்று நினைக்காதீர்கள். ஜாகர் போட்டிருந்தது ரிச்சர்ட்ஸின் கல்யாணக் கோட்டு!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது குத்து இல்லை. கோபம் வந்த மனிதர் முதலில் சவரம் செய்துகொள்கிறார் பாருங்கள், அதுதான். அவருடைய வாசிப்பும் அப்படியே, பதறாது. சார்லி வாட்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இடது கை ஸ்நேர் டிரம்மில், அதாவது பளீரென்று ஒலிக்கும் முன் டிரம்மில், விழும் நேரத்தில், வலது கையை ஹை-ஹேட் என்கிற ஜோடித் தகடுகளிலிருந்து தூக்கிவிடுவார். பெரும்பாலோர் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். இவர் அங்கே ஓர் இடைவெளி விட்டார். அந்த இடைவெளியில்தான் ஜாகர் அத்தனை வருடமாகத் துள்ளிக்கொண்டிருந்தார். 1985 ஆல்பத்தில் ஸ்லை டன்பார் உட்படப் பல நல்ல டிரம்மர்கள் வாசித்திருக்கிறார்கள். எல்லோரும் பெரிய கைகாரர்கள். ஆனால் அந்த இடைவெளி இல்லை. ஜாகர் கொஞ்சம் கத்திப் பாடுவதாக எனக்குப் படும். இடைவெளி இல்லாத இடத்தில் வேறு என்ன செய்வார்?

சரி, தாளத்தை விட்டுவிட்டுப் போய் ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஜெனிசிஸ் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975இல் விலகினார். தன் முதல் நான்கு ஆல்பங்களுக்கும் தலைப்பு என்று வேறு எதுவும் வைக்காமல் தன் பெயரையே வைத்தார். மூன்றாவது ஆல்பம் வந்தது 1980இல். அதற்கு அவர் போட்ட நிபந்தனை: டிரம்மர்கள் சிம்பலைத் தொடக்கூடாது. அந்தத் தகடுகளின் "ஜிங்" சத்தமே வேண்டாம் என்றார். வாசிக்க வந்தவர்களில் ஒருவர் பில் காலின்ஸ், அதே ஜெனிசிஸின் டிரம்மர். ஆக, அப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர், ஆள் அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்.

லண்டனில் டவுன்ஹவுஸ் என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம். வாசிக்கும் அறையில் இருப்பவர்கள் பேசுவது இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளருக்குக் கேட்பதற்காக மேலே ஒரு மைக் தொங்கும். மெல்லப் பேசினாலும் கேட்க வேண்டும் என்பதால் அதன் ஒலியை ஒரேயடியாக அமுக்கிச் சமப்படுத்தும்படி வைத்திருந்தார்கள். காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்த மைக் திறந்திருந்தது. உள்ளே வந்த சத்தத்தைக் கேட்டு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மைக்கின் ஒலியைப் பதிவு செய்ய வழியே கிடையாது. ஒலிப்பதிவாளர் ஹ்யூ பேட்ஜம் கருவியைத் திறந்து வயரை மாற்றச் சொன்னார். அதோடு, அடி ஓய்ந்ததும் ஒலியை வெட்டிவிடும் கருவி ஒன்றையும் சேர்த்தார்கள்.

அது எப்படி இருக்கும்? சாமான் எல்லாம் காலி செய்த அறையில் கை தட்டியிருக்கிறீர்கள் அல்லவா? தட்டிய பிறகும் சத்தம் சுவரெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது பாதி சுற்றும்போதே யாரோ கதவைப் படாரென்று சாத்திவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரம்மாண்டமாக எழும்பி, சட்டென்று காணாமல் போகும் அடி. பிறகு எண்பதுகள் முழுக்க, யார் ஆல்பத்தைப் போட்டாலும் அந்த அடிதான்.

காலின்ஸ் கதையும் வேடிக்கை. கேப்ரியல் போன பிறகு ஜெனிசிஸ் பாடகரைத் தேடு தேடு என்று தேடி, கடைசியில் டிரம்மரையே பாட வைத்தது. அவரும் 1981இல் முதல் தனி ஆல்பம் போட்டார். அதன் முதல் பாட்டில் மூன்றரை நிமிடத்துக்கும் மேலே வெறும் ரிதம் பாக்ஸ்தான் ஓடும். ரிதம் பாக்ஸைக் குறை சொன்னேன் அல்லவா, இங்கே என் வாய் அடைத்துவிடுகிறது. மூன்றரை நிமிடம் நம்மைக் காக்க வைத்து, அப்புறம் டவுன்ஹவுஸில் கண்டுபிடித்த அந்த அடி வந்து விழும். காக்க வைத்தவரும் டிரம்மர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து லெட் செப்பலின் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட். அந்தக் குழுவின் டிரம்மர் ஜான் பொன்ஹாம் 1980 செப்டம்பர் 25இல் இறந்தார். வயது 32. அந்த டிசம்பரிலேயே, இனிமேல் தொடரப்போவதில்லை என்று குழு அறிவித்துவிட்டது. கேட்டீர்களா? பாடகர் இருக்கிறார், கிட்டார் இருக்கிறது, பேஸ் இருக்கிறது. டிரம்மர் இல்லை, குழு இல்லை. பிளான்ட் 1982இல் தனி ஆல்பம் போட்டார். எட்டுப் பாட்டு. ஆறுக்கு டிரம்ஸ் யார்? பில் காலின்ஸ்! மறுவருடம் ஊர் ஊராகப் பாடப் போனபோதும் அவரே கூடப் போனார். அந்தப் பயணத்தில் பிளான்ட் லெட் செப்பலின் பாட்டு ஒன்றைக்கூடப் பாடவில்லை. கேட்க வந்தவர்கள் சிலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. வேறு ஒருவர் வாசிக்க, அந்தப் பாட்டுகளை எப்படிப் பாடுவது?

பொன்ஹாமின் அடி இடி மாதிரி. அதற்கு எதிர்நின்று பாடிப் பழகியதுதான் பிளான்டின் உச்சக் குரல். 2007இல் அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸோடு சேர்ந்து அவர் ஓர் ஆல்பம் செய்தார். அதில் ஜே பெல்லரோஸ் என்பவர் டிரம்ஸ். பக்கத்து அறையில் யாரோ பெட்டியைத் தட்டுவது போல அவ்வளவு அடக்கம். பிளான்ட் அதில் ஏறக்குறைய முணுமுணுக்கிறார். கத்துவதற்குக் காரணம் போய்விட்டதே! 2009இல் அது வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கியது. இதற்கு நடுவே, 2007 டிசம்பரில் லண்டனில் பழைய குழு ஒரே ஓர் இரவு சேர்ந்து வாசித்தது. அன்றைக்கு டிரம்ஸ் முன் உட்கார்ந்தவர் ஜேசன் பொன்ஹாம். ஜானின் மகன். அடுத்த வருடம்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமா? ஒன்றா? சரி.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்று மட்டும். குழுவோடு கையெழுத்துப் போடும்போதே, யாராவது விலகினால் அவருடைய தனி ஆல்பமும் எங்களுக்கே என்று இசை நிறுவனங்கள் பல நேரம் எழுதி வாங்கிக்கொள்ளும். ஆகவே தனியாகப் போகிறவர் எப்போதும் தனியாகப் போவதில்லை. குரலைப் பற்றி இன்னும் சுருக்கம்: வயதானால் உச்சம் இறங்கும். பழைய பாட்டுகளை அரைக் கட்டை குறைத்து வாசிக்க வேண்டிவரும். புதுப் பாட்டு என்றால் இப்போதுள்ள குரலுக்கே மெட்டுப் போட்டுக்கொள்ளலாம். அயர்ன் மெய்டன் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 2024 மார்ச்சில் தனி ஆல்பம் வெளியிட்டபோது அவருக்கு வயது 65. அதற்கு முந்தைய தனி ஆல்பம் 2005இல் வந்தது. நடுவில் 19 வருடம்.

இரண்டிலும் ஒரே டிரம்மர், டேவ் மோரேனோ. விளக்கு எரிகிறது, நேரமாகிவிட்டது. நன்றி, வணக்கம்.