மகளுக்குச் சென்னையில் சீட் கிடைத்திருக்கிறது, எந்த ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடலாம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். போன முறை முதல் பட்டதாரிச் சான்று, அதாவது குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிற பிள்ளைக்குத் தருகிற சான்று, அதைப் பற்றிப் பேசியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு முழுவதும் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவர் கொத்தனார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். சென்னையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்திருக்கிறது. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. "ஐயா, எந்த ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட்டால் ஃபீஸ் முழுவதும் கிடைக்கும்? கிடைக்காது என்றால் பேங்க் லோன் வாங்கலாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் நீங்கள் கேட்டதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கக் கட்ட வேண்டிய தொகை சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதிலும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்கள் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர்ந்தால், அரசின் இலவசக் கல்வித் திட்டத்தில் எந்த நிபந்தனையும் இல்லாமல் கல்வி உதவித்தொகை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள், யு.எம்.ஐ.எஸ். எண்ணோடு, அதாவது கல்லூரி மாணவர் விவரங்களைப் பதிவு செய்யும் அரசு இணையதளத்தில் தருகிற எண்ணோடு, பதிவு செய்து கொடுப்பார்கள். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய திட்டம் அது. அதற்கும் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். வீட்டில் பையன் இருந்தால் தமிழ்ப் புதல்வன், அதே 1,000 ரூபாய், 2024 ஆகஸ்டிலிருந்து. முதல் பட்டதாரிச் சலுகை உங்கள் மகளுக்கு உதவாது. அது கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருகிறவர்களுக்கானது. போன முறை இதைச் சொன்னேன், ஆனாலும் கலைக் கல்லூரிப் பெற்றோர் பலர் அந்தச் சான்றுக்காக இ-சேவை மையத்தில் காத்துக் கிடக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஆக, ஃபீஸ் பற்றிய கேள்வி இத்துடன் முடிந்தது. லோனுக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, அம்மா. என்னைத் தொந்தரவு செய்வது அதுதான். உங்கள் மகள் எங்கே தங்கப் போகிறாள்? மூன்று வேளையும் எங்கே சாப்பிடப் போகிறாள்?

இந்தச் சானலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று சிலருக்கு அலுப்பாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் சொல்வேன். கல்லூரியில் பாடம் நடத்திய காலம் முழுவதும் நான் கண்டது இது: அரசுக் கல்லூரியில் படிப்பை நடுவில் விட்டுப் போன பிள்ளைகளில் ஃபீஸ் கட்ட முடியாமல் போனவர்கள் குறைவு. ரூம் வாடகையும் சாப்பாடும்தான் அவர்களை விரட்டின.

ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். கணக்கியலில் நல்ல கெட்டிக்காரன். இரண்டாம் ஆண்டில் முதல் மணி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். வந்தாலும் கடைசி பெஞ்சில் தலை சாய்ந்துவிடும். கூப்பிட்டு விசாரித்தேன். நண்பர்கள் நான்கைந்து பேரோடு சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறான். அவன் பங்கு வாடகைக்காகக் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலை. இரவு பந்தி முடிந்து பாத்திரம் ஏற்றி அனுப்பிவிட்டு ரூமுக்கு வரும்போது விடிந்துவிடுகிறது. அவனுக்கு உதவித்தொகை ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. ஃபீஸ் பாக்கி ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது, பருவத் தேர்வு எழுத முடியவில்லை. அடுத்த பருவத்தில் அவன் வரவேயில்லை. அரசு விடுதிக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டபோது அவன் சொன்ன பதில் இன்னும் என்னை வருத்துகிறது. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

எனவே விடுதிகளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் கல்லூரி மாணவர்களுக்கென்றே விடுதிகள் நடத்துகின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025-இலிருந்து இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். சென்னையில் சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியைப் பலர் அறிவார்கள். மாணவிகளுக்கும் தனி விடுதிகள் உண்டு. ஒரு துறையின் விடுதி என்றால் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். மற்ற வகுப்பினருக்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தூர விதியே கிடையாது. இதை எத்தனை பேர் அறிவார்கள்?

இந்த விடுதிகளில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்லூரி விடுதி மாணவர் ஒருவருக்கு உணவுச் செலவுக்காக அரசு தருவது மாதம் 1,500 ரூபாய். 2023-இல்தான் அதுவும் 1,100-இலிருந்து உயர்ந்தது. நாளைக்கு 50 ரூபாய் என்று ஆகிறது. மூன்று வேளைக்கும் 50 ரூபாய்! வளருகிற பிள்ளைக்கு இது போதாது என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன், இன்னும் உயர்த்த வேண்டும் என்று கேட்பேன். இடங்களும் போதவில்லை. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கல்லூரியில் சேர்ந்த அந்த வாரமே போனஃபைடு சான்று (இங்கே படிக்கிறார் என்று கல்லூரி தருவது), சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு விடுதிக் காப்பாளரை நேரில் பாருங்கள். ஃபீஸ் கட்டிய ரசீது கையில் வந்ததும் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறீர்கள். அன்றைக்கே விடுதிக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தால் என்ன? வகுப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்து வந்து நிற்கிறவர்களிடம் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லும்போது காப்பாளருக்கும் சங்கடம்தான்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கான உதவித்தொகையில், விடுதியில் தங்குகிறவருக்கும் வீட்டிலிருந்து வருகிறவருக்கும் தொகை வேறு. ஆதிதிராவிடர் மாணவருக்கு பி.ஏ., பி.காம். போன்ற படிப்பில் வீட்டிலிருந்து வந்தால் ஆண்டுக்கு 3,000, விடுதி மாணவர் என்றால் 6,000. விடுதியில் தங்கிக்கொண்டே விண்ணப்பத்தில் டேஸ்காலர், அதாவது வீட்டிலிருந்து வருகிறவர், என்று தவறாகக் குறித்துவிட்டு அந்த வித்தியாசத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கணினி மையத்தில் யாரோ தட்டச்சு செய்துகொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அரசு விடுதியில் இடம் இல்லை என்றால் அடுத்தது கல்லூரியின் சொந்த விடுதி. எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் அது இல்லை. இருக்கிற இடங்களில் பெரும்பாலும் டிவைடிங் முறை. மாதம் முழுவதும் ஆன மளிகை, காய்கறி, எரிவாயுச் செலவைக் கூட்டி, சாப்பிட்டவர்களின் நாள் கணக்கால் வகுத்து பில் போடுவார்கள். ஊருக்குப் போகிற நாட்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் மெஸ் கட் கிடைக்கும். எழுதாமல் போனால் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

கடைசியில்தான் தனியார் பெண்கள் விடுதி, பி.ஜி. எனப்படும் பேயிங் கெஸ்ட் வீடுகள் எல்லாம். மாதம் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத்துக்கு 65,000. புதுமைப் பெண் திட்டத்தில் ஆண்டு முழுவதும் வருவது 12,000. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள் அம்மா, நான் ஏன் ஃபீஸை விட்டுவிட்டு இதையே பேசுகிறேன் என்று புரியும். தோழி விடுதிக்குப் போகலாமா என்று வேறு சிலர் கேட்டிருந்தார்கள். அது வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு கட்டியது.

தனியார் விடுதிதான் வழி என்றாகிவிட்டால், பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. கேட்டால் முகம் சுளிக்கிற விடுதியில் பெண்ணை விடாதீர்கள். பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி சேர்த்திருந்தாலும் கேளுங்கள். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் அந்த வரி இல்லை என்று 2024 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்தால் ரசீது வேண்டும். காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். என் மாணவி ஒருத்திக்கு அட்வான்ஸில் பாதியை பெயிண்ட் அடிக்க என்று பிடித்துக்கொண்டார்கள். அவள் அப்பா மூட்டை தூக்கிச் சேர்த்த பணம் அது. ரசீது இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது லோன். கல்விக் கடன் என்றால் ஃபீஸுக்கு மட்டும்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே விடுதிக் கட்டணமும் இருக்கிறது. கல்லூரி விடுதி கிடைக்காமல் வெளியே தங்கினால் நியாயமான அளவில் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். புத்தகம், கணினிக்கும் கேட்கலாம். 4,00,000 ரூபாய் வரை நம் கையிலிருந்து பங்குப் பணம் போட வேண்டியதில்லை, சொத்து ஜாமீனும் வேண்டாம், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் அதுவரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டு வருமானம் 4,50,000-க்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புக்கு உண்டு. பி.காம். அதில் வராது. அதனால் அந்தத் திட்டத்தில் உங்கள் மகளுக்கு வட்டிச் சலுகை கிடைக்காது. அரசு விடுதியில் இடம் கிடைத்துவிட்டால் அவளுக்குக் கடனே தேவைப்படாது. கிடைக்காமல் போனால், எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு மட்டும், தங்கும் செலவுக்கென்று கேட்டு வாங்குங்கள். தவணை தவணையாகத்தான் கொடுப்பார்கள், விடுதி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. உதவித்தொகை எல்லாம் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். கல்லூரிக்காகப் புதுக் கணக்குத் தொடங்கியிருப்பார்கள், ஆதார் இன்னும் பள்ளிக்கூடக் காலத்துப் பழைய கணக்கிலேயே இணைந்திருக்கும். பணம் வரவில்லை என்று ஓராண்டு அழுத ஒரு பெண்ணுக்கு, ஊர் வங்கியில் மறந்துபோன பழைய பாஸ்புக்கில் மொத்தமும் கிடந்தது. மகளை வங்கிக்கு அழைத்துப் போய் ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அம்மா, கல்லூரி திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வருமானச் சான்று பழையது என்றால் இன்றே இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். விடுதியில் இடம் கிடைத்ததா என்று எனக்கு எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றாலும் எழுதுங்கள், எந்தக் காரணம் சொன்னார்கள் என்று பார்த்து அடுத்து யாரிடம் மனுக் கொடுப்பது என்று சொல்கிறேன்.