நுண்குழாயில் விழித்துக்கொள்ளும் நிலைமம்

நண்பர்களே, தலைமுடி அளவுக் குழாயில் நீர் எப்படி ஓடும் என்று கேட்டால், அங்கே பாகுத்தன்மைதான், அதாவது நீரின் பிசுபிசுப்புதான் எல்லாம், நிலைமத்தை, அதாவது ஓடும் நீர் அதே போக்கில் தொடர முனையும் தன்மையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பாதி உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மைக்ரோமீட்டர் அகலக் குழாயில் நீர் நொடிக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் ரேனால்ட்ஸ் எண், அதாவது பாகுத்தன்மையோடு ஒப்பிட நிலைமம் எவ்வளவு என்று சொல்லும் எண், 0.1. சரி, நிலைமத்துக்கு வேலையில்லை. அதே நீரை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளுங்கள். எண் 100 ஆகிவிடும். கொந்தளிப்புக்கு ஏறக்குறைய 2000 வேண்டும் என்பதால் ஓட்டம் இன்னும் அடுக்கடுக்காகத்தான் போகிறது. ஆனால் நிலைமம் விழித்துக்கொண்டது.

விழித்து என்ன செய்கிறது? சேக்ரே, சில்பர்பெர்க் என்ற இருவர் 1961இல் காட்டினார்கள். வட்டக் குழாயில் சீராகக் கலந்து அனுப்பிய சிறு உருண்டைகள், போகப்போக ஒரு வளையமாக ஒதுங்கின. மையத்திலிருந்து ஆரத்தில் 0.6 பங்கு தள்ளி. வெளியிலிருந்து யாரும் அவற்றை ஒதுக்கவில்லை. குழாயின் நடுவில் வேகம் அதிகம், சுவரருகே குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு உருண்டையைச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறது. மிக நெருங்கினால் சுவரின் பாதிப்பு திருப்பித் தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் உருண்டைகள் வரிசை பிடித்து ஓடுகின்றன.

இனிக் குழாயைச் சுருளாக வளையுங்கள். எனக்குப் பிடித்த கட்டமே இதுதான். நடுவில் விரைந்து வரும் நீர் வெளிப்பக்கம் ஒதுங்கி, மேலும் கீழுமாகச் சுற்றி உள்ளே திரும்புகிறது. டீன் என்பவர் 1920களிலேயே கணக்கிட்ட சுழல் இது. உருண்டையை ஒதுக்கும் விசை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். சுழலின் இழுப்பு விட்டத்தின் அளவிலேயே ஏறும். விட்டம் 2 மடங்கானால் ஒன்று 16 மடங்கு, மற்றது 2 மடங்கு. அதனால் உருண்டைகளுக்குப் பதில் செல்களை ஓட்டினால், பெரிய செல் உட்சுவரருகே பிடிவாதமாக ஓட, சின்னது சுழலோடு அலைந்து விலகிப்போகும். முடிவில் குழாயைக் கவடாகப் பிரித்தால் போதும். ரத்தத்தில் சுற்றும் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் சிவப்பணுக்களைவிடப் பெரியவை. அவற்றைப் பிரித்தெடுக்க இந்த வழியும் பயன்படுகிறது. காந்தமோ மின்புலமோ தேவையில்லை.

சும்மா கிடைக்குமா? ரத்தத்தில் கிட்டத்தட்ட பாதி இடத்தைச் சிவப்பணுக்களே அடைத்திருக்கின்றன. அப்படியே விட்டால் ஒன்றோடொன்று முட்டி வரிசை குலையும். நீர்க்க வைத்தாக வேண்டும். அப்புறம் அழுத்தம். இந்த நுண்குழாய்கள் அமைந்த சிப்களை ஆய்வகத்தில் பெரும்பாலும் மெத்தென்ற சிலிகோன் ரப்பரில்தான் வார்க்கிறார்கள். வேகத்தைக் கூட்டக்கூட்ட குழாய் உப்பும், குறுக்குவெட்டு மாறும், செல்கள் ஒதுங்கும் இடமும் நகர்ந்துவிடும். வேகமாக ஓட்டத்தான் வேண்டும் என்றால் கண்ணாடிக்கோ கெட்டியான பிளாஸ்டிக்குக்கோ மாறுவதுதான் வழி.