மூடுபனித் தோட்டத்தில் சிவப்புக் குருத்து: குளிரும் ஈரமும் தாங்கும் வண்ண பாம்கள்

[காட்சி: கருஞ்சிவப்புத் தண்டுகளோடு தளதளவென்று ஒரு பாம் புதர். அடுத்து, அதே வகைச் செடி தொட்டியில் ஓலை கருகி நிற்கிறது.]

பாம் என்பது பனை, தென்னை, பாக்கு குடும்பத்து மரம். வண்ண பாம் என்றதும் பலரும் தேடுவது இதைத்தான். லிப்ஸ்டிக் பாம். தாவரப் பெயர் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. மலேசியா, சுமத்ரா, போர்னியோ தாழ்நிலச் சதுப்புக் காடுகளில் வளர்வது. இரவு வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே சுணங்கிவிடும். பகலிலும் ஸ்வெட்டர் கழற்றாத ஊரில் இதை மண்ணில் நட்டால் காசுதான் போகும்.

அதற்காக அந்தத் தோட்டத்தில் வண்ணமே கிடையாதா? நிறைய உண்டு. தாழ்நிலத்து பாம்களை விட்டுவிட்டு, மலையுச்சியிலும் மேகக்காட்டிலும் பிறந்தவற்றைத் தேட வேண்டும். குளிரும் மூடுபனியும் அவற்றுக்குச் சொந்த வீடு.

[காட்சி: பச்சை ஓலைகளின் நடுவே பளபளக்கும் செங்குருத்து விரிகிறது.]

முதலில் சேம்பேரோனியா மேக்ரோகார்ப்பா. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியா தீவின் மழைக்காட்டு மரம். குருத்து விரியும்போது ஓலை முழுக்கச் செக்கச்செவேலென்று இருக்கும். இளம் ஓலையில் பச்சையம் இன்னும் நிறையவில்லை. அந்தோசயனின் என்ற நிறமிதான் அப்போது வெளியே தெரிகிறது. ஒரு வாரம், பத்து நாளில் பச்சை ஏறிவிடும். குளிர்ந்த நாட்களில், வடிகட்டிய வெளிச்சத்தில் சிவப்பு இன்னும் கொஞ்சம் தங்கும். உச்சி வெயில் பட்டால் சீக்கிரம் வெளுத்துவிடும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. எல்லா நாற்றும் ஒரே மாதிரி சிவக்காது. சிலவற்றில் மங்கிய செம்பு நிறம்தான் வரும். நாற்றின் முதல் சில ஓலைகள் பச்சையாகவே வருவதும் உண்டு. முடிந்தால் குருத்து விரியும் சமயம் நர்சரிக்குப் போய்க் கண்ணால் பார்த்து எடுங்கள்.

நிழல் மூலைக்கு லாக்கோஸ்பாடிக்ஸ் ஆஸ்திரலாசிகஸ். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மலைக்காட்டுச் செடி. இதிலும் செங்குருத்து வரும் வகை உண்டு. சில மீட்டர் உயரம்தான் போகும். வறண்ட காற்று ஆகவே ஆகாது.

[காட்சி: பாக்கு மரத்தின் கழுத்து. பக்கத்தில், வெள்ளி நீலக் கழுத்துள்ள பாம்.]

பாக்கு மரத்தில் மட்டைகளின் அடி ஒன்றையொன்று சுற்றி வழுவழுப்பான கழுத்தாக நிற்குமே, அந்த இடத்தில்தான் அடுத்த வண்ணம். ஹெடிசீப்பி கேன்டர்பரியானா. உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் இது தானாக வளர்கிறது: ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்ட் ஹோவ் தீவு. 875 மீட்டர் உயரமுள்ள கோவர் மலையின் மேகம் மூடிய சரிவுகளில் நிற்கிறது. அந்தத் தீவில் எலிகள் பாம் விதைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2019இல் எலி ஒழிப்பு வேலை நடந்தது. கழுத்தின் நிறம் வெள்ளி கலந்த நீலம். மேலே படிந்திருப்பது மெல்லிய மெழுகுப் பூச்சு. விரலால் தடவினால் தடம் விழும், அழிந்த பூச்சு திரும்ப வராது. வேப்பெண்ணெய்க் கரைசலையும் அந்தப் பகுதியில் தெளிக்காதீர்கள்.

வளர்ச்சி மட்டும் ஆமை வேகம். அவசரக்காரர்களுக்கு ஆர்கான்டோஃபீனிக்ஸ் பர்பூரியா இருக்கிறது. குயின்ஸ்லாந்தின் லூயிஸ் மலைப் பகுதியைச் சேர்ந்தது. கழுத்து ஊதா, வளர்ச்சியும் ஹெடிசீப்பியைவிட வேகம். முதல் செடியாக இதை வாங்குவதே என் சிபாரிசு. தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

[காட்சி: மூடுபனிப் பள்ளத்தாக்கில் வெள்ளைத் தண்டுகளோடு வானளாவிய மரங்கள்.]

இது செராக்ஸிலான் கிண்டியுவென்ஸே, மெழுகு பாம். கொலம்பியா 1985இல் தேசிய மரமாக அறிவித்தது. ஆண்டிஸ் மலையில் 2,000 மீட்டருக்கு மேலே, 60 மீட்டர் வரை வளரும். தண்டின் மெழுகைச் சுரண்டி ஒரு காலத்தில் மெழுகுவர்த்தி செய்தார்கள். அந்த வெள்ளைத் தண்டைப் பார்க்கப் பல வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை ஓலையின் அடிப்பக்க வெளுப்புதான் அழகு. இதற்குக் குளிர் பிரச்சினையே இல்லை, வெப்பமான இரவுதான் எமன்.

நீல ஓலைக்கு ஆசைப்பட்டு பிராஹியா அர்மாட்டாவைக் கேட்பவர்கள் உண்டு. அது மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வறண்ட நிலத்து மரம். குளிரைத் தாங்கும், ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்தால் அழுகும். விட்டுவிடலாம்.

[காட்சி: மண்வெட்டி, தண்ணீர் நிரம்பிய குழி, அளவுகோல்.]

இப்போது நடவு. இந்த மலை பாம்களைக் கொல்வது பெரும்பாலும் குளிர்காற்று இல்லை. குளிர்ந்த மண்ணில் தேங்கிய தண்ணீர்தான். மண் சில்லிட்டால் வேர் வேலை நிறுத்திவிடும். உறிஞ்சாத வேரைச் சுற்றித் தண்ணீர் நின்றால் காற்றில்லாமல் அழுகும்.

அதனால் முதலில் வடிகால் சோதனை. ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இந்த இரண்டாம் தடவைதான் கணக்கு. மணிக்கு 2 சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையா? அங்கே குழியில் நடவே கூடாது. 30 சென்டிமீட்டர் உயரத்தில், ஒன்றரை மீட்டர் அகலத்தில் மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். களிமண்ணில் குழி வெட்டி உள்ளே மட்டும் நல்ல மண் போட்டால், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். மண்ணைத் திருத்தியதாக நினைத்துத் தொட்டி கட்டிவிடுகிறோம்.

வடிகால் நன்றாக இருந்தால், குழி செடி வந்த தொட்டியைப்போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் தொட்டியளவே. தண்டின் அடியை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். குளிர் முடிந்து மண் சூடேறத் தொடங்கும்போது நடுங்கள். வேர் ஓடுவதற்கு ஒரு முழு வெப்பக் காலம் கிடைக்கும். மூடாக்கு, அதாவது மண்மேல் பரப்பும் இலைதழை, 7 முதல் 10 சென்டிமீட்டர், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு: ஒரு சென்டிமீட்டர் அளவு மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, பியூமிஸ் அல்லது பெர்லைட் (இரண்டுமே தண்ணீரை வடியவிடும் இலேசான எரிமலைக் கல் துகள்) இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு. கோகோபீட்டைக் கூட்டினால் குளிர் மாதத்தில் காயவே காயாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

பசுமைக்குடிலில் வளர்ந்த செடியை வாங்கியதும் வெயிலில் வைத்தால் ஓலை பொசுங்கும். மூன்று, நான்கு வாரம் நிழலில் பழக்குங்கள்.

[காட்சி: மஞ்சள் படிந்த ஓலைகள், அருகருகே மூன்று.]

மஞ்சளைக் கண்டதும் உரத்தைக் கொட்டுவது பெரிய தவறு. எந்த ஓலை என்று பாருங்கள். புது ஓலை வெளுத்து வருகிறதா? இரும்பு, மாங்கனீஸ் குறை. மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும், குளிர்ந்த அல்லது நீர் தேங்கிய வேரால் எடுக்க முடிந்திருக்காது. மண் சூடேறினால் பல நேரம் தானே சரியாகும். அடி ஓலையில் ஆரஞ்சு புள்ளிகள் என்றால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறை. அடி ஓலையின் ஓரம் மட்டும் அகலமாக மஞ்சளாகி நடு பச்சையாக இருந்தால் மக்னீசியம். இந்தப் பழைய ஓலைகளை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டாதீர்கள். மரம் அவற்றிலிருந்து சத்தை இழுத்துப் புது ஓலைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெட்டினால் குறை அடுத்த ஓலைக்கு ஏறும்.

உரம் மெதுவாகக் கரையும் வகையாக இருக்கட்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) 8, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 2, சாம்பல் சத்து 12, மக்னீசியம் 4 என்ற விகிதம் ஃபுளோரிடாவின் மணல் மண்ணில் நிற்கும் பாம்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டது. மற்ற இடத்திலும் நல்ல தொடக்கம். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். காலையில் 15 டிகிரிக்குக் கீழே காட்டினால் அன்றைக்கு உரம் வேண்டாம்.

[காட்சி: விரல்கள் நடுக்குருத்தை மெல்ல இழுக்கின்றன. அடி பழுப்பாகக் கழன்று வருகிறது.]

கடைசியாக, எல்லோரும் பயப்படும் குருத்தழுகல். ஒற்றைத் தண்டு பாமுக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். அது போனால் மரம் போச்சு. அதனால் குளிர் மாதங்களில் வாரம் ஒரு முறை நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கழன்று வந்து, அடியில் நாற்றம் அடித்தால் உடனே வேலை தொடங்க வேண்டும்.

அழுகிய பகுதியை எடுங்கள். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் குருத்து இருந்த குழிக்குள் ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கும். சில நாள் விட்டு மறுபடி. பிறகு செம்பு கலந்த பூஞ்சைக் கொல்லியை, லேபிளில் போட்ட அளவுக்கு மேல் போகாமல் ஒரு தடவை ஊற்றுங்கள். செம்பு மீண்டும் மீண்டும் சேர்ந்தால் அதுவே நஞ்சு. மேலே மழை விழாமல் ஒரு மறைப்பு கட்டுங்கள், பக்கவாட்டில் காற்றோட்டம் இருக்கட்டும். பச்சையாக இருக்கும் ஓலை எதையும் வெட்டாதீர்கள்.

அப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நுனி பிழைத்திருந்தால் முதலில் வரும் குருத்து பாதி ஓலையோடு, கோணலாக, கருகிய முனையோடுதான் வரும். அதைப் பார்த்துச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்த குருத்தும் அப்படியே இருக்கலாம். மூன்றாவது, நான்காவதில் நேராகும்.