டிஸ்சார்ஜுக்கு முன்னால் டாக்டரிடம் காட்ட வேண்டிய பிஸ்கட் டப்பா

[திரையில்: பழைய பிஸ்கட் டப்பா ஒன்று திறக்கிறது. உள்ளே பாதி கிழிந்த மாத்திரை அட்டைகள்.]

இந்த டப்பா உங்கள் வீட்டிலும் இருக்கும். ஃபிரிட்ஜ் மேலேயோ, டிவி ஸ்டாண்டிலோ. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, எப்போதோ வாங்கி மீந்த வலி மாத்திரை எல்லாம் அதில் கிடக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து புதிதாக ஒரு பை மருந்து வாங்கி வருகிறோம் இல்லையா, அந்தப் பைக்கும் இந்த டப்பாவுக்கும் அறிமுகமே கிடையாது. சிக்கல் அங்கேதான்.

என் மாமனார் கதையைச் சொல்கிறேன். மாரடைப்பு வந்து, இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு வந்தார். புதிய மாத்திரைகளில் ஒன்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெலும் ஆஸ்பிரினும் சேர்ந்தது. டப்பாவிலோ அவர் வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வந்த ஆஸ்பிரின் தனியாக இருந்தது. பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. மனிதர் இரண்டையும் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டார். மாத்திரை விஷயத்தில் அவ்வளவு கறார்! பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வர ஆரம்பித்த பிறகு, தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர்தான் இரண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்து, "ரெண்டுலயும் ஆஸ்பிரின் இருக்கே சார்" என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய மாத்திரை பற்றி ஒரு வரி இல்லை. அப்படி ஒன்று இருப்பதை நாங்களும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

[திரையில்: ஒரு அட்டையின் பின்பக்கம். கம்பெனி வைத்த பெயரும், மருந்தின் உண்மையான பெயரும் தனித்தனியாக வட்டமிடப்படுகின்றன.]

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதில் இருந்து, பலருக்குப் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாசலுக்கே வந்துவிடுகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் நீங்கள் சொன்னால் ஒழிய, ஆப்பரேஷன் செய்த டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. நீங்கள் ஏற்கனவே சாப்பிடும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையையே அவர் வேறு கம்பெனி பெயரில் எழுதியிருக்கலாம். இரண்டையும் சாப்பிட்டால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கும், கால் வீங்கும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்கும் பெரியவர் தலைசுற்றி விழுவார். நாட்டு மருந்து, சித்த மருந்து சாப்பிட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். திட்டினால் திட்டட்டும்.

சரி, இதை எப்போது கேட்பது? டிஸ்சார்ஜ் அன்று மதியம் கேட்கலாம் என்று இருந்தால் ஆள் கிடைக்க மாட்டார். பெரிய டாக்டர் காலை ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு ஓ.பி.க்கோ தியேட்டருக்கோ போய்விடுவார். அப்புறம் பில், இன்ஷூரன்ஸ் அனுமதி என்று நாம் கவுன்டர் கவுன்டராக அலைவோம். சம்மரி கைக்கு வரும்போது ஆட்டோ வாசலில் நிற்கும். அதனால் முதல் நாள் சாயங்காலமே டப்பாவை வார்டுக்கு வரவழையுங்கள். நாளை டிஸ்சார்ஜ் இருக்கலாம் என்று சிஸ்டர் சொன்ன உடனே வீட்டுக்குப் போன் போடுங்கள்.

காலை ரவுண்ட்ஸில் அட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால் போதும்:

"டாக்டர், அப்பா வீட்ல இதெல்லாம் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. இதுல எதைத் தொடரணும், எதை நிறுத்தணும்? எதுக்காவது பதிலா புதுசு குடுத்திருக்கீங்களா?"

[திரையில்: மூன்று சின்ன கவர்கள். மேலே பேனாவால்: தொடரவும், நிறுத்தவும், மாற்றியது.]

பதிலைக் கேட்டுக்கொண்டே அட்டையை அந்தந்தக் கவரில் போட்டுவிடுங்கள். சம்மரியிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். "நிறுத்தவும்" என்ற கவர் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. ஆனால் டாக்டர் வாயால் சொல்லாமல் நீங்களாக எதையும் அந்தக் கவரில் போடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோகிரெலை இஷ்டத்துக்கு விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். ஸ்டீராய்டு பல நாள் எடுத்தவர் அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மட்டும் கொடுத்த மருந்துகளும் உண்டு. வார்டில் மூன்று வேளை இன்சுலின் போட்டார்கள், வீட்டிலும் போட வேண்டுமா? வயிற்றுக்கு என்று எழுதிய பேன்டோபிரசோல் எத்தனை நாளைக்கு? யாரும் கேட்காததால் அதை வருஷக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்களை எனக்கே தெரியும்.

உடம்புக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். வார்டில் புதிதாக வறட்டு இருமல் வந்திருக்கும். ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமே முடிவு கட்டியிருப்போம். ரமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு அப்படி இருமலைக் கொடுக்கும். சொன்னால், தேவைப்பட்டால் வேறு வகைக்கு மாற்றிக் கொடுப்பார். ஏற்கனவே எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால், அட்மிஷன் அன்று சொல்லியிருந்தாலும் இன்னொரு முறை சொல்லுங்கள்.

அப்புறம் காசு. கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். விலை தாங்காமல் வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவதைவிட, "இதே மருந்து விலை குறைவா கிடைக்குமா டாக்டர்?" என்று கேட்பது எவ்வளவோ மேல். மக்கள் மருந்தகத்தில் வாங்குவதாக இருந்தால் அட்டையில் பெயர் வேறாக இருக்கும் என்பதால், மருந்தின் உண்மையான பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

[திரையில்: 1-0-1]

இது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. இது பலருக்கும் தெரியும். ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் தேவைப்பட்டால் மட்டும். அந்தக் கடைசி ஒன்றைத் தினசரி மாத்திரையாக நினைத்து வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து. இன்ஷூரன்ஸ் அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் சம்மரியை வரி வரியாகப் படியுங்கள். பார்மசி பையில் உள்ள அட்டைகளோடு ஒத்துப் பார்த்து, புரியாததைச் சிஸ்டரிடமோ டூட்டி டாக்டரிடமோ கேளுங்கள்.

லிஃப்டில் ஏறும் முன் இன்னும் ஒன்று. ரிவியூ தேதியைப் பாருங்கள், மாத்திரையை எண்ணிப் பாருங்கள். பையில் 5 நாளுக்குத்தான் மாத்திரை இருக்கிறது, ரிவியூவோ 10 நாள் கழித்து. ஆறாம் நாள் காலை என்ன சாப்பிடுவது என்று அங்கேயே, நின்ற இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.