சுவரும் சுருதியும்

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அதிபர்களே, அலுவல்களை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் அரச அதிகாரிகளே, சமயப் பெரியார்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கி கட்டிய தம்பிமாரே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம்.

தானே பாட்டெழுதித் தானே பாடும் ஒருவர், ஒரே ஒரு கிற்றாரோடு, ஒளிப்பட நூதனசாலையில் 60 பேருக்குப் பாட என்னென்ன வேண்டும்? இடம், ஒலி, பாட்டு என்று மூன்றாக வகுத்துச் சொல்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். ஆகவே சுவரிலிருந்து தொடங்குவோம்.

எதிரெதிர்ச் சுவர்களில் கண்ணாடிச் சட்டங்கள் தொங்கினால், ஒரு கைதட்டு 'டர்ர்ர்' என்று அங்குமிங்கும் ஓடும். பாட்டின் சொல் கலங்கிவிடும். பாடகரைக் கூடத்தின் குறுகிய பக்கத்தில் இருத்தி, முதுகுக்குப் பின்னால் தடித்த திரைச்சீலையை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். மிச்சத்தை ஆட்களின் உடுப்பு உறிஞ்சிவிடும். அடித்தாளம் அதிரும் பெரிய ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கொளுக்கியில் சட்டம் நகரும்.

பெரிய பகை ஈரம்தான். சும்மா இருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 50 கிராம் நீராவி விடுகிறார். 60 பேர் என்றால் 3 லீற்றர்! ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால் படத்தின் மேலுள்ள ஜெலற்றின் என்ற மெல்லிய பசைப் படலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கிற்றார்ப் பலகையும் ஊதிச் சுருதி ஏறும். ஆகவே நம் திருகோணமலையில் வாடைக்காற்று மழையில் வைக்காமல், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வையுங்கள். அரை மணித்தியாலம் முன்பே கிற்றாரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்து, பிறகு சுருதி கூட்டவேண்டும். பழைய படங்கள் மீது 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழக்கூடாது. பாடகருக்கு ஒரு எல்.ஈ.டி. விளக்கு, சுவரில் படாமல், போதும்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. லயனல் வென்ட். 1900இல் கொழும்பில் பிறந்தவர். லண்டனில் சட்டமும் படித்தார், பியானோவும் படித்தார். வழக்கைவிட வாசிப்பிலேயே மனம் வைத்தார். பிறகு கமெராவைத் தூக்கினார். இந்தத் தீவின் உழவரையும் மீனவரையும் ஆட்டக்காரரையும் அவர் பிடித்த படங்களை இன்றைக்கும் உலகம் பார்க்கிறது. இசையும் ஒளியும் ஒரே விரல்களில் குடியிருந்தன, ஐயா! 1944இல், 44 வயதில் காலமானார். அதற்குப் பிறகு அந்த நெகற்றிவ்களுக்கு என்ன நடந்தது? அழிக்கப்பட்டன. இன்று கையில் இருப்பவை அவர் பதித்துவைத்த பிரதிகள்தாம். கொழும்பில் அவர் பெயரில் அரங்கு இருக்கிறது. அவர் ஒளியைப் பிடித்த படச்சுருள்கள் இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம்!

கொழும்பிலேயே அப்படியென்றால் திருகோணமலையில்? போரும் 2004 ஆழிப்பேரலையும் விட்டுவைத்த குடும்பப் படங்கள் உப்புக்காற்றில் இற்றுக்கொண்டிருக்கின்றன. பழைய ஸ்டூடியோ நெகற்றிவ்கள் தகரப்பெட்டிகளில் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. இந்த ஊருக்கு ஈரம் கட்டுப்படுத்திய ஓர் அறை வேண்டும். அதிகாரிகளே, ஒரே ஓர் அறை.

அதுவரை, கச்சேரிக்கு டிக்கெற்றாக வீட்டுப் பழைய படமொன்றைக் கேட்போம். வாசலில் ஸ்கான் செய்து கையோடு திருப்பிக் கொடுப்போம். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், ஜெலற்றின் உரிந்துவரும். சட்டத்தோடே கொண்டுவாருங்கள், கண்ணாடிக்கு மேலாலேயே படியெடுக்கலாம். பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல். குமிழ்முனைப் பேனா முன்பக்கத்து முகத்தில் தழும்பு போடும்.