இணைப்பு எங்கே முடிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். மென்பொருள் எழுதுவோரில் பலர், நேட் எனப்படும் முகவரி மாற்றத்தையும் உங்கள் சார்பில் இடையில் நின்று பேசும் பிராக்சி சர்வரையும், உள்ளிருக்கும் கணினியை வெளியுலகுக்குக் காட்டாமல் மறைப்பவை என்று ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் டிசிபி (இரு கணினிகள் தரவைத் தவறாமல் பரிமாறிக்கொள்ளும் விதிமுறை) இணைப்பு எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டுப் பார்த்தால், இரண்டும் வேறுவேறு என்பது தெளிவாகிவிடும்.

ஐபி நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. அவை தீர்ந்துபோகும் என்ற கவலையில் 1994ஆம் ஆண்டு இடைக்கால ஏற்பாடாக முன்வைக்கப்பட்டதுதான் நேட். அந்த இடைக்காலம் இன்றுவரை முடிந்தபாடில்லை. 192.168.1.5 என்ற உள்முகவரி கொண்ட மடிக்கணினி ஒரு பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, அனுப்பும்போது, ரவுட்டர் அதன் அனுப்புநர் முகவரியைத் தன் பொது முகவரியாகவும், தேவைப்பட்டால் இணைப்புகளைப் பிரித்தறிய உதவும் போர்ட் எண்ணை வேறொன்றாகவும் மாற்றி, அதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொண்டு, பதில் வரும்போது அக்குறிப்பைப் பார்த்து உரிய கணினிக்குச் சேர்க்கிறது. இணைப்பு என்னவோ உங்கள் கணினிக்கும் தொலைவிலுள்ள சர்வருக்கும் இடையே ஒன்றே ஒன்றுதான். உங்கள் நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

பிராக்சி அப்படியன்று. உங்கள் இணைப்பு அதனிடமே முடிந்துவிட, அது தன் பெயரில் இன்னோர் இணைப்பைத் தொடங்குகிறது. ஆகவே எச்டிடிபி என்ற இணையதள விதிமுறையில் வரும் கோரிக்கையை அது படிக்கலாம், மறுக்கலாம், முன்பே சேமித்த பதிலைத் தரலாம். அதன் பூட்டிய வடிவமான எச்டிடிபிஎஸ் என்றால், கனெக்ட் கட்டளையில் சேருமிடத்தை மட்டும் தெரிந்துகொண்டு, பூட்டிய தரவை அப்படியே கடத்துவதே வழக்கம். பிராக்சியின் முகவரியை நிரலுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதுதான் தொல்லை: கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி ஒழுங்காகப் போய்வரும், பக்கத்திலுள்ள வேறொரு கருவி அந்த அமைப்பைக் கண்டுகொள்ளாமல் நேரே போக முயன்று காத்துக் கிடக்கும்.

பிழைகளும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. சும்மா இருக்கும் டிசிபி இணைப்பின் குறிப்பை நேட் குறைந்தது 2 மணி 4 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது பரிந்துரை. நடைமுறையில் சில நிமிடங்களிலேயே அழித்துவிடும் சாதனங்கள் உண்டு. இணைப்பு உயிரோடு உள்ளதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்அலைவ் வசதி இயல்பாக 7,200 விநாடிகள் கழித்தே விழித்துக்கொள்வதால், தரவுத்தள இணைப்பு இரு முனைகளிலும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். நடுவிலோ வழி அறுந்திருக்கும். கீப்அலைவின் அந்த 7,200 விநாடியைக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சர்வர் எழுதுவோருக்கும் ஒரு சொல். ஐபி முகவரியை வைத்துக் கோரிக்கைகளுக்கு வரம்பு விதித்தால், நேட்டுக்குப் பின்னாலுள்ள ஓர் அலுவலகம் முழுவதும் ஒரே ஆளாகக் கணக்கிடப்பட்டு முடங்கும். உங்கள் சர்வருக்கு முன்னால் பிராக்சி நின்றால், உண்மை முகவரியை எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடரில் (கோரிக்கையோடு வரும் குறிப்பு வரியில்) தேட வேண்டியிருக்கும். அதை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்பதால், அதிலுள்ள முகவரிப் பட்டியலின் வலக்கோடியிலிருந்து எண்ணி, உங்கள் சொந்த பிராக்சி சேர்த்த முகவரியை மட்டுமே நம்புங்கள்.